ஆயுத பூஜைக்குத் திறந்த பெட்டி

செப்டம்பர் 22, ஞாயிறு

இன்று வீட்டுக்கு ஒரு பெட்டி வந்திருக்கிறது. சூட்கேஸ் அளவுதான். ஆனால் உள்ளே இருப்பது கண் ஆபரேஷன் மைக்ராஸ்கோப்பின் தலைப்பாகம். என் அக்கா மகள் கோகிலவாணி கண் ஆஸ்பத்திரியில் மிஷின்களைப் பார்த்துக்கொள்கிறவள். அவளே வேனில் கொண்டு வந்து இறக்கினாள். கொல்லிமலை மேல் அவர்கள் ஒரு கிளை கட்டுகிறார்கள். சுவர் இன்னும் காயவில்லை, பெயிண்ட் வேறு பாக்கி. நவம்பர் பத்தாம் தேதி அங்கே முதல் முகாம், முப்பத்து நாலு பேருக்குக் கண்புரை ஆபரேஷன். அது வரைக்கும் மிஷினை மலையடிவாரத்தில் பத்திரமாக வைக்க இடம் வேண்டும் என்றாள். சேந்தமங்கலத்தில் என் வீட்டை விட்டால் வேறு எது?

கண்ணை எப்படி ஆபரேஷன் பண்ணுவார்கள் என்று கேட்டேன்.

"கருவிழி ஓரத்துல ரெண்டு மில்லிமீட்டர் கிழிச்சு, உள்ள இருக்கிற புரையை ஒடைச்சு உறிஞ்சி எடுப்பாங்க மாமா" என்றாள், இன்னும் கொஞ்சம் சட்னி கேட்கிற குரலில்.

கவிழ்ந்த லாரிக்கு அடியில் புகுந்து சரக்கு எடுத்தவன் நான். ஆனாலும் கண்ணைக் கிழிப்பதா!

"லென்ஸ் துளி மங்கலா இருந்தாலும் டாக்டருக்குக் கை எங்க போகுதுன்னு தெரியாது. என் கையெழுத்துல வெளிய வந்திருக்குது இந்தப் பெட்டி. இதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா முகாமும் இல்லை, எனக்கு வேலையும் இல்லை."

"அம்மிணி, நான் ஆருன்னு மறந்துட்டியா? நாமக்கல் பார்சல் ஆபீஸ்ல முப்பத்தொரு வருசம். முட்டை லோடைக் காஷ்மீர் வரைக்கும் அனுப்பி ஒரு ஓடு விரியாம எறக்குனவன்." (காஷ்மீர் இல்லை, கர்நூல். பனி இருந்தது என்பது மட்டும் நிஜம்.)

என் சம்சாரம் தெய்வானை அடுப்படியிலிருந்து, "விரிஞ்சதையெல்லாம் வழியிலயே ஆம்லெட் போட்டுத் தின்னுட்டாங்க, அதான் வெளிய தெரியலை" என்றாள். அவளுக்கு இந்தத் தொழில் புரியாது.

கோகிலா பத்து விதி எழுதின தாள் ஒன்று கொடுத்தாள். முதல் விதி: எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. அதன் கீழே இரண்டு கோடு. தாழ்ப்பாள் மேல் தன் கையெழுத்துப் போட்ட ஸ்டிக்கரும் ஒட்டினாள். ஆறு விதி வரைக்கும் மனப்பாடம் பண்ணிவிட்டேன். மிச்சத்தைப் படிக்காமலே தெரிந்துகொள்ளலாம். நான் எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன்.

பெட்டியைத் தரையில் வைக்காமல் பெஞ்சு மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, தண்ணீர்க் குழாய் இல்லாத பக்கமாக வைத்தேன். அவள் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே மாமா" என்றாள். பெட்டியின் பக்கவாட்டில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குக் கண்ணாடி ஜன்னல் இருக்கிறது. உள்ளே நீல நிறத்தில் மணி மணியாக என்னவோ.

செப்டம்பர் 29

பெட்டியைப் பார்க்க இதுவரை நாற்பது பேர் வந்துபோனார்கள். (பதினொரு பேர்.) கலெக்டர் ஜீப் கூட நின்று போனது. (டிரைவர் வழி கேட்டார்.)

அக்டோபர் 6

கோகிலா போன் பண்ணினாள். "ஜன்னல்ல மணியெல்லாம் நீலமா இருக்குதுங்களா மாமா?"

"ஆகாசமாட்டம் இருக்குது அம்மிணி."

சொல்லிவிட்டுப் போய்ப் பார்த்தேன். நீலம்தான். எனக்குப் பார்க்காமலே தெரிகிறது.

அக்டோபர் 11, வெள்ளி. ஆயுத பூஜை

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

பார்சல் ஆபீஸில் முப்பத்தொரு பூஜை பார்த்திருக்கிறேன். தராசு, கோணூசி, தள்ளுவண்டி, ரப்பர் ஸ்டாம்ப், ஸ்டேப்ளர், முதலாளியின் மூக்குக் கண்ணாடி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் உண்டு. ஒரு வருஷம் லாரியின் பின் டயர் ஒன்றுக்குப் பொட்டு வைக்க மறந்துபோய், தொப்பூர் இறக்கத்தில் அதே டயர் வெடித்தது. இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

அப்படியிருக்க, முப்பத்து நாலு கண்ணைத் திறக்கப்போகிற மிஷின் என் வீட்டில் இருக்கிறது. பெட்டிக்குப் பொட்டு வைத்தால் பெட்டிக்குத்தானே சேரும்? லாரிக்குப் பொட்டு வைக்கச் சொன்னால் ஷெட் கதவுக்கா வைப்போம்?

ஸ்டிக்கரைப் பிரிக்கிற வித்தை எனக்குத் தெரியும். கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்து, ஆவியை அதன் மேல் ஐந்து நிமிஷம் காட்டினால் பசை இளகி, கிழியாமல் வாழைப்பட்டை மாதிரி உரிந்து வரும்.

"ஏனுங்க, அந்தப் பிள்ளை ரெண்டு கோடு போட்டு எழுதியிருக்குதுங்க" என்றாள் தெய்வானை.

"கோடு போட்டது மத்தவங்களுக்கு."

திறந்தேன். அடேயப்பா! கறுப்பு ஸ்பாஞ்சுக்குள் வெள்ளை வெளேர் என்று, குழந்தை தூங்குகிற மாதிரி. இரண்டு கண், கீழே ஒரு பெரிய கண்ணாடி. கண்ணாடியைத் தொடவில்லை. கழுத்தில் மூன்று இடத்தில் சந்தனம், அதன் மேல் குங்குமம். ஒரு சாமந்தி. தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டி, சாம்பிராணி போட்டேன். தெய்வானையே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை பண்ணாமல் எடுக்கக் கூடாது. ஆகவே பெட்டி திறந்தபடி சாமிக்கு முன்னால் இருக்கிறது. பூட்டிய வீடு. யார் வரப்போகிறார்கள்?

அக்டோபர் 12, விஜயதசமி

ராத்திரி முழுக்க மழை. ஜன்னல் திரையெல்லாம் நனைந்து கிடந்தது. பெட்டி மேல் ஒரு சொட்டுக்கூடப் படவில்லை, நான் தடவிப் பார்த்துவிட்டேன். மறுபூஜை முடித்து, சந்தனத்தை ஈரத்துணியால் நன்றாகத் துடைத்து எடுத்தேன். காய்ந்த சந்தனம் சுலபத்தில் போகாது, மூன்று தடவை துணியை நனைக்க வேண்டியிருந்தது. மூடி, ஸ்டிக்கரை அப்படியே ஒட்டிவிட்டேன். ஒட்டினவளுக்கே தெரியாது.

அக்டோபர் 16

ஆச்சரியம்! ஜன்னலில் இருந்த நீல மணிகள் ரோஸ் நிறத்துக்கு மாறியிருக்கின்றன. குங்குமம் இறங்கியிருக்கிறது. முப்பத்தொரு வருஷத்தில் இந்த மாதிரி ஒரு பூஜை பலித்து நான் பார்த்ததில்லை.

தெய்வானையைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அந்தப் பிள்ளை நீலமா இருக்குதான்னு எதுக்கு வாராவாரம் கேக்குது?" என்றாள். நல்லதைப் பார்த்தால் பொறுக்காது.

அக்டோபர் 20

மழை. கோகிலா போன். நீலம் என்று சொன்னேன். ரோஸ் என்றால் ஏன், எப்படி என்று ஆரம்பிப்பாள். நேரில் சொல்லிக்கொள்ளலாம்.

அக்டோபர் 28

இன்று மத்தியானம் சும்மா இருக்கிறோமே என்று அந்தத் தாளில் மிச்ச நாலு விதியையும் படித்தேன்.

எட்டு: "ஜன்னலில் உள்ள மணிகள் ஈரத்தை உறிஞ்சுபவை. நீலம் என்றால் உள்ளே காய்ந்திருக்கிறது. ரோஸ் ஆகிவிட்டால் உள்ளே ஈரம் புகுந்துவிட்டது என்று அர்த்தம். உடனே எனக்குப் போன் செய்யவும். ஒரு நாள் கூடத் தாமதிக்க வேண்டாம்."

நெஞ்சில் யாரோ முட்டைத் தட்டை அடுக்கின மாதிரி இருந்தது. பதினாறாம் தேதியிலிருந்து இன்றைக்குப் பன்னிரண்டு நாள்.

தெய்வானை தாளை வாங்கிப் படித்தாள். அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. போனை எடுத்து என் கையில் வைத்தாள்.

யோசித்துப் பார்த்தேன். ஈரம்தானே? ஈரத்தை எடுத்துவிட்டால் விதிப்படி எல்லாம் சரி. மறுபடி கெட்டில், மறுபடி ஸ்டிக்கர். உள்ளே மணிப் பை இரண்டு, ஜன்னலில் ஒரு சிட்டிகை. எல்லாவற்றையும் வடைச்சட்டியில் கொட்டி இளந்தீயில் வறுத்தேன். கடவுளே, கண்ணெதிரில் ஒவ்வொன்றாக ரோஸ் மங்கி, நீலம் திரும்பியது! விஞ்ஞானிகள் என்னிடம் கேட்டுப் படிக்க வேண்டும். ஆறவைத்து உள்ளே போட்டு மூடிவிட்டேன்.

போன் தேவைப்படவில்லை. தெய்வானை இன்று என்னோடு பேசவில்லை, தலைவலியாக இருக்கும்.

அக்டோபர் 31

தீபாவளி. கோகிலா வந்திருந்தாள். நேராகப் பெட்டியிடம் போய் ஜன்னலைப் பார்த்தாள். "பளிச்சுன்னு நீலம். உங்க கிட்ட வெச்சதுக்கு நிம்மதியாத் தூங்கினேன் மாமா" என்றாள்.

அதிரசம் தொண்டையில் நின்றுவிட்டது. பாகு பதம் தப்பியிருக்கிறது.

நவம்பர் 6, புதன்

இன்று எழுதுவதில் ஒரு எழுத்துக்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. வேன் டிரைவர் மாரப்பன் சாட்சி.

இன்று பெட்டியை மலைக்குக் கொண்டு போனோம். கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவு. பெட்டியின் மேல் குலுக்கலைக் காட்டுகிற ஒரு சின்னக் குழாய் ஒட்டியிருக்கிறது. பலமாக ஒரு இடி பட்டால் சிவந்துவிடும். வேன் தரையில் இலவம்பஞ்சு மெத்தை, அதன் மேல் பெட்டி, நாலு பக்கமும் தலையணை, நானும் கூடவே மெத்தையில். மாரப்பனை டயரில் கொஞ்சம் காற்றை இறக்கச் சொன்னேன்.

"பஞ்சராயிருச்சுன்னு நெனச்சு எல்லாரும் கை காட்டுவாங்கண்ணா."

"காட்டட்டும். நாம முட்டை கொண்டு போறதா நெனச்சுக்க."

முப்பதாவது வளைவில் மழை. நாற்பத்து ஐந்தில் ரோட்டில் கல் சரிந்து கிடந்தது. மாரப்பன் போட்ட பிரேக்கில் நான் முன்சீட்டில் போய் மோதி நெற்றி புடைத்தது. பெட்டியை மட்டும் விடவில்லை. மேலே கிளை ஆஸ்பத்திரியில் இறங்கிப் பார்த்தால் குழாய் வெள்ளை வெளேர் என்று அப்படியே இருந்தது.

அங்கே காத்திருந்த கோகிலா என் நெற்றியில் ஐஸ் வைத்துக்கொண்டே, "இந்த மனுசனைத்தான் அம்மா வாய்ச்சவடால்ங்கிறாங்க" என்று முகாமில் ஆபரேஷன் பண்ணப்போகிற டாக்டர் ஹெப்சிபாவிடம் சொன்னாள். டாக்டரம்மா எனக்குக் கைகொடுத்தார்கள்.

நவம்பர் 7, வியாழன்

காலை பத்து மணிக்குப் பெட்டியைத் திறந்தார்கள். தலைப்பாகத்தை ஸ்டாண்டில் மாட்டி, விளக்கைப் போட்டு, டாக்டரம்மா குனிந்து பார்த்தார்கள். நிமிர்ந்தார்கள். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்கள்.

"கோகிலா, நீ பாரு."

கோகிலா பார்த்தாள். அவள் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அந்த முதுகு அப்படியே உறைந்துபோயிற்று.

"பூஞ்சை" என்றாள். குரல் அவள் குரலாக இல்லை.

என்னையும் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தேன். வெளிச்சத்துக்கு நடுவில் வெள்ளை வெள்ளையாக நூல். சிலந்தி வலை பின்னின மாதிரி, கிளை கிளையாக. உயிரோடு இருக்கிற மாதிரி.

துடைத்தால் போகாதா என்று கேட்டேன்.

"உள்ள இருக்குதுங்க பெரியவரே. கம்பெனில பிரிச்சுத்தான் பாக்கணும். போறதும் சந்தேகம்" என்றார்கள் டாக்டரம்மா. பிறகு கோகிலாவிடம் திரும்பினார்கள். "மணி நீலமா இருந்துச்சுன்னு எழுதி வெச்சிருக்கே. அப்ப வெளியிலிருந்து ஈரம் போகலை. நீ பேக் பண்றப்பவே ஈரத்தோட மூடியிருக்கே."

"நல்லாக் காயவெச்சுத்தான் டாக்டர்..."

"பின்ன இது எங்கிருந்து வந்துச்சு? ஞாயித்துக்கிழமை முப்பத்து நாலு பேர் வர்றாங்க. ஆபீஸுக்கு என்ன ரிப்போர்ட் எழுதறது நான்?"

தான் எங்கே தப்புப் பண்ணினோம் என்று தேடுகிற முகத்தோடு, கோகிலா காலிப் பெட்டியின் ஸ்பாஞ்சை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் தாகம் எடுத்தது. வெளியே போய்விட்டேன்.

நவம்பர் 8, வெள்ளி

தெய்வானை காலையில் போன் பண்ணினாள். "என்னங்க ஆச்சு?" சொன்னேன். "ஏனுங்க, அந்தப் பிள்ளை சாப்பிட்டுதா?" என்று மட்டும் கேட்டாள்.

நேராக டாக்டரம்மா அறைக்குப் போனேன். கோகிலாவும் இருந்தாள், முகம் வீங்கி. டாக்டரம்மா ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"தப்பு என்னுதுங்க" என்றேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். என் வாய் நிற்கவில்லை. "பூஜையன்னைக்குப் பெட்டிக்குப் பக்கத்துல ஒரு நாகம், ஆறடி இருக்கும், படம் எடுத்து நின்னுது. உள்ள புகுந்திருச்சோன்னு பதறிப்போய், உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டுப் பெட்டியைத் தொறந்தேன்..."

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார்கள். கோபமான சிரிப்பு இல்லை, அதுதான் மோசம்.

"மாமா, போதும்" என்றாள் கோகிலா. "எனக்காகப் பொய் சொல்றீங்க. நெத்தியில அடி வாங்கிக் கொண்டாந்து சேத்தீங்க. பழியையும் நீங்க வாங்க வேண்டாம். என் கைத்தப்பு, நான் பாத்துக்கறேன்."

இடி விழுந்த மாதிரி நின்றேன். நான் காஷ்மீருக்கு முட்டை அனுப்பினதை நம்பினார்கள். கலெக்டர் ஜீப்பை நம்பினார்கள். நிஜத்தைச் சொன்னால் நம்பவில்லை.

"பாம்பு இல்லை அம்மிணி. பூஜைக்குத்தான் தொறந்தேன்."

"ரெண்டு நிமிசத்துக்கு முன்னால பாம்பு இருந்துச்சே பெரியவரே" என்றார்கள் டாக்டரம்மா.

மூன்றாவது தடவை, தந்தி கொடுக்கிற மாதிரி சொன்னேன். "பொட்டு வெக்கத் தொறந்தேன். ராத்திரி பூராத் தொறந்து கெடந்துச்சு. மழை. ஈரத்துணியில தொடச்சு மூடினேன். மணி ரோஸாச்சு. பன்னெண்டு நாள் அப்படியே விட்டேன். அப்புறம் வறுத்தேன். உங்கிட்ட நீலம்னு சொன்னேன்."

கோகிலா தலையைத் தூக்கினாள். "வறுத்தீங்களா?"

"ஆமா."

"எதுல?"

"வடைச்சட்டியில. இளந்தீயில."

"கலர்?"

"ஓரத்துல இருந்து நீலம் வந்துச்சு. நடுவுல கடைசியா."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஓரத்திலிருந்து நீலம் வரும் என்பது பண்ணிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும் போலிருக்கிறது. என்னை அவள் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. அதில் கோபம் இருந்திருந்தால் தேவலை. ரோட்டில் தெரியாத ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

அப்புறம் சொன்னாள். "பூஞ்சையை விடுங்க மாமா. அன்னைக்கு ரோஸ்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சேலத்துல இருந்து வேற மைக்ராஸ்கோப் கேட்டு வாங்கியிருப்பேன். முகாம் தப்பிச்சிருக்கும். இனி கேட்டு வாங்கிக் கொண்டாற ஒரு வாரம் ஆவும். பதினேழாம் தேதிதான்."

டாக்டரம்மா எழுதின தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் எடுத்தார்கள். "சொன்னதை நீங்களே எழுதிக் கையெழுத்துப் போடுங்க." ஆறு வரி எழுதினேன். என் ஆயுசில் இவ்வளவு சின்னதாக எதையும் எழுதினதில்லை.

"முப்பத்து நாலு பேருக்கும் தேதி மாறினதைச் சொல்லணும்" என்றாள் கோகிலா. "பாதி ஊர்ல போன் எடுக்காது. நீங்க போங்க. ஏன் தள்ளிப்போச்சுன்னு கேப்பாங்க. என்ன சொல்றதுன்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க."

நவம்பர் 9, சனி

நடந்தேன். முதல் மூன்று வீட்டில் மழையால் தள்ளிப்போயிற்று என்றேன். மழை பெய்தது நிஜம்தானே.

நாலாவது வீடு குப்பாயி என்கிற அம்மா. இரண்டு கண்ணிலும் புரை, வெளிச்சம் மட்டும்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமைக்காகப் புதுச் சேலையை மடித்துத் தலைமாட்டில் வைத்திருந்தார்கள். மகள் மிளகுத் தோட்டத்தில் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். நான் மழை என்றதும் அந்த அம்மா, "இங்க எப்ப மழை இல்லை? நெசமா என்னான்னு சொல்லுங்க. ஆபரேசனே இல்லைன்னாலும் சொல்லிடுங்க" என்றார்கள்.

பொட்டு வைத்ததிலிருந்து வறுத்தது வரைக்கும் சொன்னேன்.

மகள் உள்ளே எழுந்து போய்விட்டாள். "அடப் பாவி மனுசா!" என்றார்கள் அந்த அம்மா. "மூணு வருசமா நான் இருட்டுல கெடக்கேன். உனக்கு ஒரு ராத்திரி பெட்டியை மூடி வெக்க முடியலை."

பிறகு, "வர்ற மிஷினுக்காவது யாரும் பொட்டு வெக்காம இருக்கட்டும்" என்றார்கள்.

அங்கிருந்து கிளம்பி முதல் மூன்று வீட்டுக்கும் திரும்பிப் போய் நிஜத்தைச் சொல்லிவிட்டு வந்தேன். மிச்சம் முப்பது.

நவம்பர் 13

கால் வீங்கிவிட்டது. முப்பத்து நாலும் முடிந்தது. ஒரு வீட்டில் மோர் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள்.

நவம்பர் 16

சேலத்து மிஷின் வந்தது. கோகிலாவே மெத்தையில் உட்கார்ந்து கொண்டு வந்தாள். டயரில் காற்றை இறக்கச் சொன்னாளாம். மாரப்பன் சொன்னான். நான் கிட்டே போகவில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

முப்பத்தொரு பேர் வந்தார்கள். மூன்று பேர் வரவில்லை. சாயங்காலம் வரைக்கும் விளக்கு எரிந்தது.

நவம்பர் 18, திங்கள்

காலையில் கட்டுப் பிரித்தார்கள். வரிசையாக நாற்காலியில் உட்கார வைத்து ஒவ்வொருவராக. கோகிலா டாக்டரம்மா பக்கத்தில் தட்டுப் பிடித்து நின்றாள். நான் வாசலில் செருப்புக்குப் பக்கத்தில் நின்றேன்.

குப்பாயி அம்மாவுக்குக் கண் கட்டைப் பிரித்ததும் முதலில் தன் கையைப் பார்த்தார்கள். திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அப்புறம் மகளை. "இத்தனை எளைச்சிட்டியா புள்ளே!" என்று அழுதார்கள். நான் தொண்டையைச் செருமினேன். வேண்டுமென்று இல்லை.

சத்தம் வந்த பக்கம் திரும்பினார்கள். தலையிலிருந்து கால் வரைக்கும் என்னை நிதானமாகப் பார்த்தார்கள்.

"பொட்டு வெச்சது நீங்கதானா?"

"ஆமாங்க."

"அன்னைக்குப் பேசின கொரலுக்கு இன்னும் பெரிய ஆளா இருப்பீங்கன்னு நெனச்சேன்."

எல்லோரும் சிரித்தார்கள். கோகிலா தட்டைப் பார்த்துக்கொண்டே சிரித்தாள், பத்து நாளில் முதல் தடவை. எனக்குச் சொல்ல என்னென்னவோ வாய் வரைக்கும் வந்தது.

"இல்லீங்க" என்றேன். "இவ்வளவுதான்."